தக்கவைப்புக் காலம்: யார் பறிக்க வந்தார்கள்?

போலீஸ் விசாரணை ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்று பேசும் தமிழ்க் கட்டுரை எதை எடுத்தாலும் ‘தக்கவைப்புக் காலம்’ வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில ‘ரிடென்ஷன்’தான் மூலம். லத்தீனில் பிடித்து வைப்பது என்று பொருள். அவ்வளவுதான் அதன் பூர்வீகம்.

சிக்கல் தமிழில்தான். தக்கு என்றால் நிலைபெறு. ஆனால் இன்றைய வழக்கில் தக்கவைப்பது என்பது, கைநழுவப் பார்ப்பதை விடாமல் பிடித்துக்கொள்வது. ஆளுங்கட்சி தொகுதியைத் தக்கவைக்கும், நடப்புச் சாம்பியன் பட்டத்தைத் தக்கவைப்பார். ‘காவல்துறை கைரேகையைத் தக்கவைத்தது’ என்றால், எவனோ பறிக்க வந்தான், நல்லவேளை பறிகொடுக்கவில்லை என்றல்லவா கேட்கிறது!

காதுக்கு உறுத்துவதோடு இது நிற்பதில்லை. 11 வயதில் கைதாகி, வழக்கில் விடுதலையான ஒரு சிறுவனின் கைரேகையையும் டிஎன்ஏ விவரத்தையும் பிரிட்டன் போலீஸ் காலவரையின்றி வைத்திருந்தது. அது அந்தரங்க உரிமையை மீறுவதாக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. துப்புத் துலங்காத கொலைவழக்குக் கோப்பைப் பல ஆண்டு வைத்திருப்பதில் யாருக்கும் தகராறு இல்லை. விடுதலையானவனுடையதை எப்போது அழிப்பது என்பதுதான் கேள்வி. தக்கவைப்பு என்று எழுதியதுமே, விட்டுக்கொடுத்தால் தோல்வி என்ற தொனி ஏறிவிடுகிறது.

சரி, மாற்று? ‘காப்புக் காலம்’ என்கிறார்கள் சிலர். காப்பகத்துக்குப் போவது என்றென்றைக்கும் இருக்கப் போகிறது, இங்கே முடிவு தேதி உண்டு. ‘பராமரிப்புக் காலம்’ லிஃப்டுக்குப் பொருந்தும். ‘வைப்புக் காலம்’ கச்சிதம்தான், ஆனால் அதை வங்கிகள் எடுத்துக்கொண்டுவிட்டன.

‘வைத்திருக்கும் காலம்’ போதும். இந்தியாவின் 2022ஆம் ஆண்டு அடையாளம் காணும் சட்டத்தை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘கைரேகை முதலானவற்றின் பதிவை, எடுத்த நாளிலிருந்து 75 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.’ படித்ததும், எழுபத்தைந்தா என்று புருவம் உயரும். ‘75 ஆண்டுத் தக்கவைப்புக் காலம்’ என்று எழுதுங்கள், கொட்டாவிதான் வரும். கலைச்சொல் என்றால் ‘ப்பு’ என்று முடிந்தே ஆக வேண்டும் என மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொன்னார்களோ! ‘விசாரணை ஆவணத் தக்கவைப்பு மேலாண்மைக் கொள்கை வகுப்பு’ என்று கோத்துக்கொண்டே போகிறார்கள். வைத்திருப்பது யார், அழிக்க வேண்டியது யார் என்பது அதற்குள் காணாமல் போகிறது.

அப்புறம், அழிப்பதை ‘நீக்கம்’ என்று எழுதுவதையும் நிறுத்தலாம். பட்டியலில் பெயரை நீக்கிவிட்டுக் கோப்பை அலமாரியிலேயே விட்டுவைக்க முடியும். முன்பு தண்டனை பெறாத ஒருவர் மேல்முறையீடெல்லாம் முடிந்து விடுதலையானால், நீதிமன்றம் காரணம் எழுதி வேறுவிதமாக உத்தரவிட்டாலொழிய, அந்தப் பதிவுகளை அழிக்க வேண்டும் என்றுதான் அதே சட்டம் சொல்கிறது.