‘நரம்புக்கு பவரா ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க’

போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து மேஜையில் கொட்டினார். ஐந்து அட்டை மாத்திரைகள். சர்க்கரைக்கு இரண்டு, மீதி மூன்றும் ‘நரம்புக்கு’. வைட்டமின் ஈ 400, ஆல்ஃபா லிப்போயிக் அமிலம், அப்புறம் லைகோபீன், செலினியம் எல்லாம் கலந்த பளபளப்பான கேப்ஸ்யூல் ஒன்று. சர்க்கரை மாத்திரையைக்கூட நடுநடுவே விட்டுவிடுவாராம். இந்த மூன்றை மட்டும் ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை.

“அந்தக் காலத்துல பைக்குள்ள கையை விட்டா, ஒத்த ரூபாயா ரெண்டு ரூபாயான்னு விரலே சொல்லும் சார். இப்ப வெளிய எடுத்துப் பாத்தாத்தான் தெரியுது. செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரியல. இதைவிட பவரா ஒண்ணு எழுதிக் குடுங்க.”

அவர் கேட்டதில் தப்பில்லை. நரம்பு செல்களை ஆக்சிஜனேற்றம் அரிக்கிறது என்பது உண்மைதான். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. அவ்வளவு எரிபொருள் எரியும் இடத்தில் புகையும் கிளம்பும். அந்தப் புகைதான் ஃப்ரீ ராடிக்கல். நரம்பு செல்லின் சவ்வில் கொழுப்பு அதிகம் என்பதால் சுலபமாக அடிபடும். இடுப்பிலிருந்து கால் விரல்வரை ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடும் நரம்பிழை, ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் முதலில் நுனியில்தான் கருகும். ஆகவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் நரம்பு பிழைத்துவிடும் என்று தோன்றும். பெரியவரின் மூன்று அட்டைகளும் அந்த ரகம்தான். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் அது நடக்கவும் நடக்கிறது.

மனிதரில் ஏன் நடப்பதில்லை? வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போட்டால் கறுக்காது. நறுக்கிவிட்டு, போன் பேசிவிட்டு வந்து போட்டால்? கறுத்தது கறுத்ததுதான், அண்டா நிறைய மோர் ஊற்றினாலும் வெளுக்காது. பார்க்கின்சன் நோயில் கை நடுக்கம் கண்ணுக்குத் தெரியும்போதே, அசைவைக் கட்டுப்படுத்தும் நடுமூளையின் கறுப்புத் திட்டில் உள்ள செல்களில் கணிசமான பங்கு போய்விட்டிருக்கும். போதாததற்கு, விழுங்கும் மருந்து எல்லாமே மூளைக்குள் நுழைந்துவிடுவதும் இல்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு கறாரான காவல் இருக்கிறது.

செய்து பார்க்காமல் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 பார்க்கின்சன் நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வில் தினமும் 2000 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். 1993இல் முடிவு வந்தது: பலன் இல்லை. கோஎன்சைம் க்யூ10 என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட்டை அதே நோய்க்கு 2400 மில்லிகிராம்வரை ஏற்றிப் பார்த்தார்கள். தேறாது என்று தெரிந்து ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். பக்கவாதத்துக்கு, ஃப்ரீ ராடிக்கலைப் பிடிக்கும் என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து வந்தது. 2006இல் முதல் ஆய்வைப் பார்த்து எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மூவாயிரம் பேருக்கு மேல் சேர்த்து மறுபடி சோதித்தபோது ஒன்றுமில்லை என்றாகிவிட்டது.

எல்லாமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். இடாரவோன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் ஊசி மருந்தை ஜப்பானில் 2001 முதல் பக்கவாதத்துக்குப் போடுகிறார்கள். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோய்க்கும் 2017இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் சிலருக்கு நோயின் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கிறது, அவ்வளவுதான். உணவிலிருந்து வரும் வைட்டமின் ஈயைக் கல்லீரல் ரத்தத்தில் சேர்க்க முடியாத அபூர்வமான பரம்பரை நோய் ஒன்று உண்டு. பள்ளிப் பருவத்திலேயே நடை தள்ளாடும். அந்தப் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஈதான் மருந்து. சரி, லிப்போயிக் அமிலம்? சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சல், குத்தல் இவற்றை 600 மில்லிகிராம் ஓரளவு குறைக்கிறது, நானும் எழுதுகிறேன். ஆனால் நான்கு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் முக்கியமாகக் குறிவைத்த அளவீட்டில் வித்தியாசம் தெரியவில்லை.

‘சத்து மாத்திரைதானே, என்ன செய்துவிடும்’ என்பதுதான் எனக்குக் கவலை தரும் பேச்சு. இந்தப் பெரியவர் விழுங்கிய அதே 400 யூனிட் வைட்டமின் ஈயைச் சுமார் 35,000 ஆண்களைக் கொண்ட ஆய்வில் சோதித்திருக்கிறார்கள். அதை மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் இதைச் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். வைட்டமின் பி6 இன்னும் விநோதம், அதிக அளவில் மாதக்கணக்கில் போட்டால் அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போக வைக்கும். மரத்துப்போகிறதே என்று இன்னொரு அட்டை வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரியவரைக் கட்டிலில் உட்கார வைத்தேன். தட்டினால் அதிரும் உலோகக் கவையான டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தேன். “சில்லுன்னு இருக்கு” என்றார். அதிருதா? “இல்லையே.” கண்ணை மூடச் சொல்லி விரலை மேலே தூக்கினேன், “கீழ” என்றார். கண்ணை மூடி நிற்கச் சொன்னபோது ஆடினார், பிடித்துக்கொண்டேன். குளிர்ச்சி தெரிகிறது, அதிர்வும் விரல் நிலையும் தெரியவில்லை. அதுவும் சர்க்கரையால் வரும் மரத்துப்போதல் காலில் ஆரம்பித்து முழங்கால் அளவு ஏறிய பிறகுதான் பெரும்பாலும் கைக்கு வரும். இவருக்குக் கையும் காலும் ஏறக்குறைய ஒன்றாகவே ஆரம்பித்திருந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஒன்பது வருடமாகப் போடுகிறார், சுத்த சைவம். இதெல்லாம் சேர்ந்தால் நரம்புக்குத் தேவையான வைட்டமின் பி12 குறைவோ என்ற சந்தேகம் வரும். ரத்தத்தில் பி12 பார்க்கச் சொன்னேன். 200க்கு மேல் இருக்க வேண்டியது 140 இருந்தது. மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், சைவ உணவிலும் அது குறைவு. மூன்று ‘நரம்பு’ அட்டைகளில் ஒன்றில்கூட பி12 இல்லை.

பி12 ஊசி ஆரம்பித்தோம். எரிச்சல் இல்லாததால் லிப்போயிக் அமிலத்தையும், கூடவே மற்ற இரண்டையும் நிறுத்தினேன். சர்க்கரை மாத்திரையை விடக் கூடாது என்று அவர் மனைவியிடம் சொல்லி அனுப்பினேன், அவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

நான்கு மாதம் கழித்து வந்தபோது செருப்பு கழன்றால் தெரிகிறது என்றார். நாணயம்? சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். “ஒத்த ரூபா” என்று எடுத்தார். இரண்டு ரூபாய். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். “அடுத்த தடவை வர்றப்ப சரியாச் சொல்றேன் சார்” என்று அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.