அறுபதைக் கடந்தவருக்கு அதே வயதுக்காரரே பயிற்சித் துணை

ஒரு 30 வயது பயிற்சியாளர் குனிந்து நிமிர்ந்து காட்டினால், "உங்களுக்கென்ன, வயசு இருக்கு" என்று பெரியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். முழங்கால் தேய்ந்த 68 வயதுக்காரர் அதையே செய்தால் எழுந்து வருவார்கள். இதற்கான விளக்கத்தை உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977இல் தந்தார். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை வளரத் தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது ஒரு முக்கிய வழி. அதைவிட வலுவானது, தானே செய்து முடிப்பது. இப்படி அதே வயதில் பயிற்சித் துணையாக வரும் வழிகாட்டியின் வேலை முதலாவதில் தொடங்கி இரண்டாவதுக்குக் கொண்டுபோவது.

வயது ஒத்துப்போனால் மட்டும் போதாது. பயிற்சி இல்லாத வழிகாட்டி, தனக்குப் பலித்த மருந்தையும் தைலத்தையும் எல்லோருக்கும் சொல்லத் தொடங்கிவிடுவார். அதனால் முதலில் பழக்க வேண்டியது, பார்த்து எண்ணுவது.

அதற்கு ஏற்றது 30 விநாடி நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், கால்களும் விரியும். மர நாற்காலியே நல்லது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தால் ஒன்று. நேரம் முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் சேர்க்கலாம். கையை ஊன்றி எழுந்தால் மதிப்பெண் பூஜ்யம். 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12க்குக் குறைவாகவும் பெண்கள் 11க்குக் குறைவாகவும் எடுத்தால் கால் வலு சராசரிக்குக் கீழே, விழும் வாய்ப்பு கூடுதல். புது வழிகாட்டிகள் வழக்கமாகத் தவறுவது இரக்கத்தால்: முட்டி நிமிராததையும் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பிறகு முன்னேற்றம் எது, சலுகை எது என்று தெரியாது.

"தினமும் நடக்கிறேனே" என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு, 2 நாள் தசைப் பயிற்சியும் 3 நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடை மட்டும் தொடையை வலுவாக்காது. தடுக்கும்போது தாங்கிப் பிடிப்பது தொடைதான்.

வேகத்தை அளக்க நாடியை நம்பக் கூடாது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற மாத்திரைகள் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்துவதால், உடல் கடுமையாக உழைத்தாலும் எண்ணிக்கை குறைவாகவே காட்டும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அளவு சரி. எழும்போது மூச்சை விடச் சொல்ல வேண்டும். அடக்கினால் ரத்த அழுத்தம் திடீரென ஏறும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் வரக் கூடாது. அவருக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்து, கை நடுங்கினால் உட்கார வைத்து மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுக்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்றால் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு 108ஐ அழைக்க வேண்டும்.

இவற்றை வழிகாட்டிகளுக்கு வகுப்பில் சொல்லிவிட்டால் மட்டும் பதியாது. அவர்களைப் பழக்கும் பயிற்றுநர் பங்கேற்பாளராக நடித்து, மூச்சை அடக்கியும் தொடையில் கை ஊன்றியும் தலைசுற்றலை மறைத்தும் வேண்டுமென்றே தவறு செய்ய வேண்டும். அவற்றைக் கண்டுபிடித்து நிறுத்தத் தெரிந்தவரையே குழுவுக்கு அனுப்பலாம். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, சரியாயிடும்" என்று சொல்பவருக்கு இன்னும் சில அமர்வுகள் தேவை.