தலை திரும்பவில்லையா? 36ஆவது வாரத்திலேயே பேசுங்கள்

முதல் பிரசவம், 39ஆவது வாரம். ஸ்கேனில் குழந்தையின் தலை இன்னும் அம்மாவின் விலாவுக்குக் கீழேதான் இருக்கிறது. பிட்டம் இடுப்பெலும்புக்குள் நன்றாக இறங்கிவிட்டது. பனிக்குட நீரும் குறைந்திருக்கிறது. "டாக்டர், இப்போ கையால திருப்பிப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார் அந்தப் பெண்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கேள்வியை நாங்கள் அவரிடம் கேட்டிருந்தோம். விளக்கக் கையேடும் கொடுத்திருந்தோம். அது அவர் கைப்பையில் மடித்தது மடித்தபடி இருந்தது. வீட்டில் மாமியாரிடம் பேசி, திருச்சியில் இருக்கும் அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் பேசி, "கொடி சுத்திக்கும், வேண்டவே வேண்டாம்" என்று முடிவாகிவிட்டதாம். அதன்பிறகு அவரே இணையத்தில் படித்துவிட்டு மனம் மாறியிருக்கிறார். ஆனால் குழந்தை அதுவரை காத்திருக்கவில்லை. அந்த நிலையில் முயன்றால் பலன் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சிசேரியன் நடந்தது, தாயும் பிள்ளையும் நலம்.

சிசேரியன் நடந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒரு தவறான காரணத்துக்காக ஒரு வாய்ப்பு கைநழுவியதில்தான் வருத்தம். இப்படி வருகிறவர்கள் அதிகமாகிக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஆறுதல். 28 வாரத்தில் ஸ்கேன் எடுத்து, "தலை மேலே இருக்கு" என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். அந்த வயதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை அப்படித்தான் இருக்கும். பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிடும். பிரசவ நேரம் நெருங்கும்போது நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு குழந்தைகள்தான் தலை மேலாகவே இருக்கும். 36 வாரம் தாண்டியும் திரும்பவில்லை என்றால், இனித் தானாகத் திரும்பும் என்று காத்திருப்பது வீண். முதல் பிரசவமாக இருந்தால் அதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்றுகூட இல்லை.

அப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையைத் திருப்ப முயல்வது. இதை மருத்துவமனையில் இசிவி என்போம். அல்லது திட்டமிட்ட சிசேரியன். அல்லது பிட்டம் முதலில் வரும்படியே சுகப்பிரசவத்துக்கு முயல்வது. மூன்றாவது வழி இன்று மிகக் குறைவு. 26 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. பிட்டம் கீழே இருக்கும் குழந்தைக்குத் திட்டமிட்ட சிசேரியனே பாதுகாப்பு என்று அது சொன்னது. உலகில் பல நாடுகளில் மருத்துவமனைகள் வேகமாக வழக்கத்தை மாற்றிக்கொண்டன. அந்த ஆய்வின் குறைகளைப் பற்றி எங்களுக்குள் இன்றும் விவாதம் உண்டு. ஆனால் அதன் பின்விளைவு ஒன்றில் யாருக்கும் சந்தேகமில்லை. பிட்டம் முதலில் வரும் பிரசவத்தைத் தன் கையால் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆகவே இங்கே சிங்கப்பூரில் பெரும்பாலான பெண்களுக்கு உண்மையான கேள்வி ஒன்றுதான்: திருப்பிப் பார்ப்பதா, நேராக சிசேரியனுக்குப் போவதா?

இப்போது கொடி விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கழுத்தில் கொடி மாலையாகச் சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள்தான் நானும். தாய்மாமன் எண்ணெய்க் கிண்ணத்தில் குழந்தையின் முகம் பார்க்கும் சடங்கை இங்கே வீவக அடுக்குமாடி வீடுகளிலும் இன்னும் செய்கிறார்கள். சடங்கோடு எனக்குச் சண்டையில்லை, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அந்த நம்பிக்கையின் வால் பிடித்து, "டாக்டர் வயித்தைத் திருப்பினா கொடி கழுத்தை நெரிச்சிடும்" என்ற பயமும் கூடவே வந்துவிடுகிறது. அது உண்மையல்ல.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை கழுத்து வழியாக மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயு முழுவதும் தொப்புள்கொடி வழியாகவே வருகிறது. கழுத்தை நெரித்து மூச்சு முட்டுவது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கவலைப்பட வேண்டியது கொடி எங்கே சுற்றியிருக்கிறது என்பதைப் பற்றியல்ல, கொடிக்குள் ரத்தம் தடையில்லாமல் ஓடுகிறதா என்பதைப் பற்றி. கொடியின் நீளம் சாதாரணமாக 50 முதல் 60 சென்டிமீட்டர். உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்களைச் சுற்றி வழவழப்பான தடித்த கூழ் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. லேசில் நசுங்காது. தலை கீழாக, எந்தச் சிக்கலும் இல்லாமல், யாரும் கைவைக்காமல் பிறக்கும் குழந்தைகளிலேயே நான்கைந்தில் ஒன்று கழுத்தில் கொடியோடுதான் வருகிறது. தலை வெளியே வந்ததும் ஒரு விரலால் கொடியைத் தூக்கித் தலைக்கு மேலாக எடுத்துவிடுகிறோம். அறையில் இருக்கும் கணவருக்கு அது நடந்ததே தெரியாது. இத்தனை மாதமும் உங்கள் குழந்தை உள்ளே குட்டிக்கரணம் போட்டுக்கொண்டேதான் இருந்தது. அப்போதெல்லாம் சுற்றாத கொடி, நாங்கள் ஒரே ஒரு முறை திருப்பினால் மட்டும் சுற்றிக்கொள்ளும் என்று நினைக்க என்ன காரணம்?

சரி, திருப்பும்போது கொடி அழுந்தவே அழுந்தாதா? அழுந்தலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே செய்கிறோம். துடிப்பு குறைந்தால் கையை எடுத்துவிடுவோம். சில நிமிடம் துடிப்பு குறைந்து தானாகச் சரியாவது அடிக்கடி நடப்பதுதான். சரியாகாமல் உடனடி சிசேரியன் வரை போவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவருக்காகத்தான் இதை ஆபரேஷன் தியேட்டர் பக்கத்தில் இருக்கும் இடத்தில் மட்டும் செய்கிறோம். 200இல் ஒன்று என்பது பூஜ்யமல்ல. அதை மறைக்க மாட்டேன். அதைக் கேட்டுவிட்டு "எனக்கு வேண்டாம் டாக்டர்" என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான முடிவு. "கொடி சுத்திக்கும்" என்று சொல்லி மறுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் திருப்ப வேண்டாம் என்று சொல்லும் அதே குடும்பம், "எங்க காலத்துல மருத்துவச்சி கையாலேயே திருப்புவா" என்று சொல்லி மசாஜ் செய்யும் ஒரு அம்மாவிடம் மருமகளை அழைத்துப் போகிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு உடம்பு பிடித்துவிடுவது வேறு விஷயம், மலாய் ஊருத் மசாஜ் ஆனாலும் நம்மூர் எண்ணெய்த் தேய்ப்பு ஆனாலும் பலருக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தை உள்ளே இருக்கும்போது வயிற்றை அழுத்தித் திருப்பும் அந்தக் கைக்கு நச்சுக்கொடி (பிளசென்டா) எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாது. இதயத் துடிப்பு குறைந்தால் தெரியாது. நச்சுக்கொடி பிரிந்து உள்ளே ரத்தம் கசிந்தால் அந்த வீட்டில் யாரால் என்ன செய்ய முடியும்? முட்டி போட்டுத் தலையைத் தாழ்த்தி இருப்பது போன்ற பயிற்சிகளைச் செய்து பார்ப்பதில் பெரிய கெடுதல் இல்லை, பலன் உண்டு என்பதற்கும் ஆதாரம் போதாது. அவற்றை நம்பி வாரங்களைக் கடத்தாதீர்கள்.

நாங்கள் செய்யும்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முதல் பிரசவம் என்றால் 36 வாரத்திலிருந்து, ஏற்கெனவே பெற்றவர் என்றால் 37 வாரத்திலிருந்து செய்யலாம். முதலில் ஸ்கேன். அப்புறம் வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் துடிப்பைப் பதிவு செய்வோம். கருப்பை தளர்வதற்கு ஒரு ஊசி போடுவோம். அந்த ஊசியால் உங்கள் நெஞ்சு படபடக்கும், விரல்கள் லேசாக நடுங்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெண்கள் பயந்துவிடுகிறார்கள். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். பிறகு வயிற்றில் வழவழப்புக்கு ஜெல் தடவி, ஒரு கை அடிவயிற்றில் பிட்டத்தைத் தூக்கிப் பிடிக்கும், மறு கை தலையைக் கீழ்நோக்கித் தள்ளும். குழந்தை முன்பக்கமாக உருளும். சில நிமிட வேலைதான். அழுத்தம் நன்றாகவே தெரியும், சிலருக்கு வலிக்கும். நீங்கள் "போதும்" என்றால் நிறுத்திவிடுவோம். பல்லைக் கடித்துக்கொண்டு வயிற்றை இறுக்காதீர்கள். வயிறு இறுகினால் எங்களால் எதையும் செய்ய முடியாது. முடிந்ததும் மறுபடி ஸ்கேன், மறுபடி துடிப்புப் பதிவு. பிரச்சினை இல்லை என்றால் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

உங்கள் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் அதன்பிறகு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு எதிர்ப்புப் பொருளை உருவாக்காமல் தடுக்கும் ஊசி அது. சிங்கப்பூரில் நெகட்டிவ் ரத்தம் அரிது என்று பேசுவார்கள். சீனர்களிடம் அரிதுதான், நம்மவர்களிடம் அவ்வளவு அரிதல்ல. உங்கள் பிரிவை நீங்களே தெரிந்து வைத்திருங்கள்.

இனி முடிவெடுப்பது. பொதுவாகப் பாதிப் பேருக்குக் குழந்தை திரும்பும். முதல் பிரசவத்தில் நூற்றுக்கு 40 என்றும், ஏற்கெனவே பெற்றவர்களுக்கு 60 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிய குழந்தை பழைய நிலைக்கே போவது நூற்றில் சிலருக்குத்தான். ஆனால் திரும்பிவிட்டால் சுகப்பிரசவம் உறுதி என்று நினைத்துவிட வேண்டாம். பிரசவ வலியின்போது சிசேரியன் தேவைப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல்.

இரண்டாவது பிரசவம், தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது, பிட்டம் இன்னும் இடுப்பில் இறங்கவில்லை, தலையைக் கையால் தெளிவாகத் தொட முடிகிறது, இன்னும் ஒரு பிள்ளை வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது என்றால், முயன்று பாருங்கள் என்று நான் வற்புறுத்தியே சொல்வேன். சிசேரியன் தழும்பு அடுத்த கர்ப்பத்தோடும் கூட வருவது. நச்சுக்கொடி அந்தத் தழும்பில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் ஏறிக்கொண்டே போகும். மாறாக, முதல் பிரசவம், வயிறு இறுக்கம், தண்ணீர் குறைவு, "ஒன்று போதும் டாக்டர்" என்று கணவன் மனைவி இருவரும் தெளிவாக இருக்கிறார்கள் என்றால், நேராக சிசேரியனுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன். நச்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருந்தாலோ, அண்மையில் ரத்தப்போக்கு இருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ, துடிப்புப் பதிவு சரியில்லாவிட்டாலோ, வயிற்றில் இரட்டை என்றாலோ நாங்களே வேண்டாம் என்போம். முன்பு ஒரு சிசேரியன் ஆகியிருந்தால் கதவு மூடிவிட்டது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். கேளுங்கள்.

மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. அடுத்த சந்திப்புக்கு மருமகளோடு நீங்களும் வாருங்கள் அம்மா. உங்கள் கேள்வியை என்னிடமே கேளுங்கள், ஸ்கேன் திரையிலேயே கொடியைக் காட்டுகிறேன். வரவேற்பறை சோபாவில் தீர்ப்பு எழுதி அனுப்பாதீர்கள். கணவர்களே, "வீட்ல கேட்டுச் சொல்றோம்" என்று போனால் அந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். ஒவ்வொரு வாரமும் குழந்தை வளர்கிறது, இடம் குறைகிறது.

சிசேரியன்தான் என்று முடிவு செய்துவிட்டீர்களா? அப்படியென்றால் நட்சத்திரம் பார்ப்பதற்கு முன் வாரத்தைப் பாருங்கள். தேக்காவில் ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள் 37ஆவது வாரத்தில் விழுகிறது என்று சீட்டோடு வருகிறார்கள். வேறு அவசரக் காரணம் இல்லாதபோது 39 வாரத்துக்கு முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வந்து, தாயின் பக்கத்தில் இருக்க வேண்டிய பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க நேரலாம். 39க்குப் பிறகு உள்ள நாட்களில் நல்ல நேரம் பார்த்துச் சொல்லும்படி ஜோசியரையே கேளுங்கள். ஆபரேஷன் அன்று காலை இன்னொரு முறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அபூர்வமாகச் சில குழந்தைகள் கடைசி நேரத்தில் திரும்பியிருக்கும்.

அந்த நாளுக்கு முன்பே தண்ணீர் உடைந்தால் கிராப் வண்டிக்குக் காத்திருக்காமல், குளித்துக் கிளம்பலாம் என்று நினைக்காமல், மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கொடி வெளியே தெரிந்தாலோ கையில் தட்டுப்பட்டாலோ உடனே 995. ஆம்புலன்ஸ் வரும்வரை முட்டி போட்டு, தலை தாழ்ந்து இடுப்பு உயர்ந்திருக்கும்படி இருங்கள். கொடியைக் கண்டு பயப்பட வேண்டிய நேரம் உண்மையில் இதுதான்.

குழந்தை பிறந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடைசி வாரங்களில் தலை மேலாக இருந்த குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். நாங்கள் திருப்பிவிட்ட குழந்தையானாலும் இதே கதைதான். குழந்தை மருத்துவரிடம் இதைச் சொல்லி, ஆறு வார வயதையொட்டி இடுப்புக்கு ஒரு ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். பலதுறை மருந்தகத்தில் தடுப்பூசிக்குப் போகும்போதும் சொல்லலாம். பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு கண்டுபிடித்தால் ஆபரேஷன் வரை போக நேரிடும்.