வீட்டில் செய்த கிரனோலாவும் ஒரு சமையல் தராசும்

உணவு ஆலோசனைக்கு என்னிடம் வருபவர்களின் உணவுக் குறிப்பேட்டைப் புரட்டும்போது அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி: "காலை - கிரனோலா, 1 கிண்ணம் (வீட்டில் செய்தது)". கிரனோலா என்பது ஓட்ஸையும் கொட்டைகளையும் தேனும் எண்ணெயும் கலந்து மொறுமொறுப்பாகச் சுட்டெடுக்கும் காலை உணவு. அந்த அடைப்புக்குறிதான் எனக்குச் சிக்கல். வீட்டில் செய்தது என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் கணக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல் அது நிற்கும்.

எடை குறையவே இல்லை என்று வந்த ஒருவரிடம் அதைப் பற்றித்தான் கேட்டேன். "கடையில வாங்குறதே இல்ல மேடம். சர்க்கரை ஒரு துளிகூடப் போடுறதில்ல, தேன் மட்டும்தான்" என்றார். எவ்வளவு தேன்? 300 கிராம் ஓட்ஸுக்கு ஒரு கப். அடுத்த முறை வரும்போது அந்தக் கிண்ணத்தையும் ஒரு டப்பா கிரனோலாவையும் கொண்டுவரச் சொன்னேன். வழக்கமாகப் போட்டுக்கொள்வதுபோலப் போடச் சொல்லித் தராசில் வைத்தோம். 110 கிராம்.

ஒரு கப் தேன் ஏறக்குறைய 340 கிராம் எடை இருக்கும். அதில் 80 சதவீதம் சர்க்கரை. அவருடைய செய்முறைப்படி கணக்குப் போட்டால் அந்த ஒரு கிண்ணத்தில் 490 கலோரி, தேனிலிருந்து மட்டும் 35 கிராமுக்கு மேல் சர்க்கரை. பால் ஊற்றுவதற்கு முன்பே இவ்வளவு! சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அந்த 5 சதவீதம் என்பது சராசரியாக 25 கிராம். தேனும் பழுப்புச் சர்க்கரையும் மேப்பிள் சிரப்பும் இந்தக் கணக்கில் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே வரிசையில்தான் வரும். தேன் விலக்குப் பெற்றதில்லை.

இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. கிரனோலாவை விடச் சொல்லவில்லை, அளவை மாற்றச் சொன்னேன். வீட்டில் செய்வதன் பலனே அதுதானே, கரண்டி நம் கையில் இருக்கிறது.

நான் எழுதித் தரும் அளவு இது. ரோல்டு ஓட்ஸ், அதாவது தட்டையாக அழுத்திய முழு ஓட்ஸ், 300 கிராம் (இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம், மாவாக உதிர்ந்துவிடும்), ஒன்றிரண்டாக நறுக்கிய பாதாமும் வால்நட்டும் சேர்த்து 100 கிராம், பூசணி விதையும் சூரியகாந்தி விதையும் 50 கிராம், கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள். எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, தேனும் அதே மூன்று. உலர் பழம் 75 கிராம், அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

தேனைக் குறைத்தால் கட்டிகட்டியாக வராதே என்பார்கள். உண்மைதான், ஓட்ஸை ஒட்டவைப்பது தேன்தான். அந்த வேலையை ஒரு முட்டையின் வெள்ளைக்கருவிடம் கொடுங்கள். நுரை வரும்வரை அடித்துக் கலந்தால், சூட்டில் அதன் புரதம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முட்டை சேர்க்காதவர்களுக்குக் கட்டி கொஞ்சம் குறையும், மொறுமொறுப்பு குறையாது. எண்ணெயை மட்டும் அறவே விட்டுவிடாதீர்கள். சூடு சீராகப் பரவவும் ஓட்ஸ் பொன்னிறமாகவும் அது வேண்டும்.

150 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். பாதியில் ஒருமுறை புரட்டிவிட்டு, கரண்டியால் லேசாக அழுத்திவிடுங்கள். ஓவனிலிருந்து எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். இங்கேதான் பலரும் பயந்துபோய் இன்னும் பத்து நிமிடம் வைத்துக் கருக்கிவிடுகிறார்கள். ஆறினால்தான் மொறுமொறுக்கும். ஆறும்வரை ட்ரேயைத் தொடவே தொடாதீர்கள், கட்டி உடையாமல் கிடைக்கும். ஓவன் இல்லையென்றால் அடிகனமான வாணலியில் சிறுதீயில் வறுக்கலாம், ஆனால் பக்கத்தை விட்டு நகர முடியாது.

உலர் பழம் ஆறிய பிறகுதான். ஓவனில் போனால் அதன் சர்க்கரை கருகிக் கசக்கும், உலர் திராட்சை கூழாங்கல்லாகிவிடும். நான் டப்பாவில்கூடக் கலப்பதில்லை, சாப்பிடும்போது தூவிக்கொள்வேன். பழத்தில் மிச்சமிருக்கும் ஈரம் நாலு நாளில் ஓட்ஸை நமத்துப்போகச் செய்துவிடும்.

உலர் பழம் வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். உலர் கிரான்பெர்ரி பெரும்பாலும் சர்க்கரை சேர்த்தே வருகிறது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் ஆப்ரிகாட்டுக்கு அந்த நிறத்தைத் தக்கவைப்பது கந்தக டைஆக்சைடு. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது மூச்சுத்திணறலைத் தூண்டும். பார்க்கச் சுமாராக, பழுப்பாக இருக்கும் ஆப்ரிகாட்தான் கந்தகம் சேர்க்காதது.

கொட்டைகளை வாயில் போட்டுப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். வால்நட்டின் எண்ணெய் சீக்கிரம் கெடும் வகை. சிக்கு வாடையோ பெயின்ட் வாடையோ அடித்தால், தேனும் பட்டையும் மறைத்துவிடும் என்று போட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடித்தது என்றால் யோசிக்கவே வேண்டாம், குப்பைதான். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு, வறுப்பதால் அது முழுதாகப் போய்விடாது.

இந்த அளவில் செய்தால் சுமார் 600 கிராம் கிடைக்கும். 40 கிராம் ஒரு வேளைக்கு. அதில் 190 கலோரி, தேனின் சர்க்கரை 3 கிராம்தான். 40 கிராமை ஒருமுறை தராசில் எடைபோட்டு, உங்கள் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள், கொஞ்சமாகத்தான் தெரியும். ஆகவே கிண்ணத்தில் முதலில் இனிப்பில்லாத தயிரும் நறுக்கிய பழமும், அதன்மேல் கிரனோலா.

கொழுப்பு குறையும் என்றுதான் சாப்பிடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். ஆனால் நாளுக்கு 3 கிராம் தேவை, அதற்கு 75 கிராம் அளவுக்கு ஓட்ஸ் வேண்டும். 40 கிராம் கிரனோலாவில் ஓட்ஸ் 20 கிராம்தான். அதனால் கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் கொட்டையும் உலர் பழமும் எவ்வளவு என்று கேட்டுவிட்டே தொடங்குங்கள். சீலியாக் நோய் (கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்களுக்குக் குளூட்டன் இல்லை என்று குறிப்பிட்ட ஓட்ஸ் மட்டுமே, அதையும் மருத்துவரைக் கேட்டு.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் சேர்த்த கிரனோலா ஒரு சிட்டிகைகூடக் கூடாது. தேனில் பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயை உண்டாக்கும் கிருமியின் ஸ்போர்கள் (வித்துகள்) இருக்கக்கூடும், வீட்டு ஓவனின் சூட்டில் அவை அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முழுக் கொட்டை தொண்டையில் சிக்கும், பொடித்தே கொடுங்கள்.

காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். நண்பர்களுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினால் உள்ளே இருப்பதையெல்லாம் எழுதி ஒட்டுங்கள்: பாதாம், வால்நட், முட்டை, தேன், எள் போட்டிருந்தால் எள். வால்நட் ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு, அதைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தாலும் ஆபத்துதான்.