ஈசி சுத்தமாக இருக்கிறது, அட்வான்ஸ் கொடுக்கலாமா?

தமிழ்நாட்டில் வீடு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "ஈசி போட்டுப் பார்த்துட்டோம், வில்லங்கம் ஒன்றும் இல்லை, அட்வான்ஸ் கொடுத்துடலாமா?" கொஞ்சம் பொறுங்கள். அந்த இடத்தின் மேல் சார்பதிவாளர் அலுவலகத்தில் என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்பதை மட்டும்தான் ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, காட்டும். பதிவு செய்யாத உயில் அதில் வராது, வீட்டு வரி பாக்கி வராது, கோர்ட்டில் நடக்கிற வழக்கும் பெரும்பாலும் வராது. சொத்துக்காரர் இறந்துபோனதும் வராது. நிறைய பேர் மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி விஷயத்தில்தான், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு உதாரணம். 1985-ல் ஒருவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் மனை வாங்கி வீடு கட்டினார், உயில் எழுதாமல் 2004-ல் இறந்துவிட்டார். ஈசியில் 1985 கிரயத்துக்குப் பிறகு ஒரு வரி கூட இருக்காது. இப்போது அவர் மனைவி, மகன், மகள் மூன்று பேரும் சேர்ந்து விற்க வருகிறார்கள், வாரிசுச் சான்றிதழும் காட்டுகிறார்கள். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 2004-ல் அவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்த ஆணின் தாயும் முதல் நிலை வாரிசு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமான பங்கு அவருக்கு உண்டு (தகப்பனார் அந்த முதல் வரிசையில் இல்லை). ஆக அந்த வீடு நான்கு பங்கு. அப்புறம் அந்தப் பாட்டி 2010-ல், அவரும் உயில் எழுதாமல் இறந்தார் என்று வையுங்கள், தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். பாட்டியின் கால் பங்கு இறந்த மகனின் பிள்ளைகளுக்கு மட்டும் போகாது, பாட்டியின் மற்ற பிள்ளைகளுக்கும் போகும். இரண்டு அத்தைகள் இருந்தால் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. 60 லட்ச ரூபாய் வீட்டில் அது தலைக்கு 5 லட்சம். அத்தைகள் கிரயப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லை என்றால் முன்கூட்டியே தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வாங்கினால், பத்து வருஷம் கழித்து வரும் பாகப் பிரிவினை வழக்கில் பிரதிவாதி நீங்கள்தான். எங்கள் உறவில் ஒரு குடும்பம் இப்படித்தான் வீடு வாங்கி, குடியேறி, அதற்குப் பிறகு சம்மன் வாங்கியது. அந்த அம்மாள் அழுததைப் பார்த்தவன் என்பதால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அதனால் வாரிசுச் சான்றிதழை வாங்கியதும், இறந்தவரின் தாய் எப்போது இறந்தார், மகனுக்கு முன்னா பின்னா என்று இறப்புச் சான்றிதழை வைத்துப் பாருங்கள். பூர்வீகச் சொத்து என்றால் கணக்கே வேறு, அங்கே மகள்களுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. மகள்களுக்கு இந்த உரிமையைக் கொடுத்த 2005 சட்டத் திருத்தம் வந்தபோது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'பெண்களுக்குச் சீர் செய்து அனுப்பிவிட்டோம்' என்பது சட்டத்தில் பதிலே ஆகாது. மைனர் பெயரில் இருக்கும் சொத்தை அப்பாவோ அம்மாவோ விற்பதாக இருந்தால் நீதிமன்ற அனுமதி கேளுங்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசுச் சட்டம் தனி, மேலே போட்ட கணக்கை அப்படியே அங்கே போடக் கூடாது.

"பட்டா அவர் பெயரில்தானே இருக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு. அது நல்ல துணை ஆதாரம், ஆனால் அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. மூலப் பத்திரம் தொடங்கி இன்று வரை ஒவ்வொரு கைமாற்றமும் சங்கிலி விடாமல் வருகிறதா என்பதுதான் முக்கியம். குறைந்தது 30 வருஷத்துக்கு ஈசி பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம் இடையில் பிரிக்கப்பட்டிருந்தால் பழைய அலுவலகத்தின் பெயரிலும் தனியாகத் தேட வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மனை என்றால் மனைப்பிரிவு அங்கீகாரம் கேளுங்கள். பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கியது), கோயில் நிலம், புறம்போக்கு ஆகியவற்றில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கை வைக்காதீர்கள்.

பத்திரம் பதிவாகிவிட்டால் அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்த மாதிரி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை இல்லை, உச்ச நீதிமன்றமும் 2025-ல் அதைச் சொல்லியிருக்கிறது. அந்த வேலையை உங்களுக்காகச் செய்ய வேண்டியவர் நீங்கள் அமர்த்தும் வக்கீல். புரோக்கர் கூட்டிவரும் வக்கீலோ விற்பவரின் வக்கீலோ வேண்டாம், உங்களுக்கென்று ஒருவரைப் பாருங்கள்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்கள். வெள்ளைத் தாளில் எழுதி வாங்காதீர்கள். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், சொத்து சம்பந்தமான பவர் பத்திரத்தையும்தான். ரொக்கமாகவும் கொடுக்க வேண்டாம், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித் துறை அபராதம் போடலாம். பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள், அவர் இறந்தால் பொதுவாகப் பவரும் அன்றோடு முடிந்தது. பவரை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வீடு உங்களுடையது என்று இருந்துவிடவும் முடியாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் இல்லாமல் உரிமை மாறாது என்று 2011-லேயே தீர்ப்பு வந்துவிட்டது.

செலவு எவ்வளவு? கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் (2023 ஏப்ரலுக்கு முன் 4 சதவீதமாக இருந்தது). விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கணக்கு. அந்த 60 லட்ச வீட்டுக்கு 5,40,000 ரூபாய், வழக்கப்படி வாங்குபவர்தான் கட்டுகிறார். 10 லட்சம் வரை உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து வருமான வரிக் கணக்கில் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது, பாதிப் பணம் வங்கிக் கடனாக வந்தாலும் அப்படித்தான். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் 1 சதவீதம் போதாது, விகிதம் வேறு, ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

விற்பவர்களுக்கும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். வீட்டுக் கடனை அடைத்துவிட்டால் வங்கி 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு, 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது. பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஈசியில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். இன்னொன்று, கிரய ஒப்பந்தத்தில் கெடு தேதி போடாமல் கையெழுத்து வைக்காதீர்கள். வாங்குபவர் பின்வாங்கினாலும் பதிவான ஒப்பந்தம் ஈசியில் கிடக்கும், அதை ரத்து செய்ய அவருடைய கையெழுத்தும் வேண்டும், அவர் இழுத்தடித்தால் அடுத்த ஆள் வாங்கத் தயங்குவார்.

புது அடுக்குமாடி என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சாவி வாங்கி ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர் செலவிலேயே சரி செய்து தர வேண்டும்.

கிரயம் முடிந்து பத்திரம் கைக்கு வந்ததும் இன்னொரு தடவை ஈசி போட்டு உங்கள் பெயர், சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டா மாறுதலையும் வீட்டு வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றத்தையும் அந்த மாதமே செய்துவிடுங்கள். பத்திரத்தில் எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள், பிழைதிருத்தல் பத்திரத்துக்கு விற்றவரின் கையெழுத்து வேண்டும், அவர் ஊரில் இருக்கும்போதே கூப்பிட்டு முடித்துக்கொள்ளுங்கள்.