சிக்னல் முழுசாக இருந்தும் வேக ரயிலில் பேச்சு ஏன் அறுகிறது?

"சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, குரல்தான் விட்டு விட்டு வருகிறது." வேக ரயில் பயணிகளிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இது. டவர் தூரத்தில் இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நெட்வொர்க் அளவீடு என் வேலை. பல நேரம் டவர் பக்கத்திலேயே இருக்கும். போன் காட்டும் கோடுகள் அலையின் வலிமையைத்தான் சொல்லும், அது எத்தனை வேகமாக மாறுகிறது என்பதைச் சொல்லாது.

டவரின் அலை நேராக மட்டும் வருவதில்லை. கட்டடம், பாலம், மண்மேடு என்று பலவற்றில் பட்டுத் தெறித்தும் வரும். அவை ஓரிடத்தில் ஒன்றோடொன்று கூடும், சற்றுத் தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 5ஜிக்குப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 8.6 சென்டிமீட்டர். அதில் பாதி நகர்ந்தாலே நிலவரம் மாறிவிடலாம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு அரை மில்லிசெகண்டு போதும். போன் சேனலை, அதாவது அலை வந்து சேரும் பாதையின் நிலவரத்தை, அளந்து சொல்லி, டவர் அதற்கேற்ப அனுப்புவதற்குள் சில மில்லிசெகண்டுகள் போய்விடும். ஆக, டவரின் கையில் இருப்பது எப்போதும் பழைய தகவல்.

அப்புறம் டாப்ளர் விலகல், அதாவது நாம் நகர்வதால் அலையின் அதிர்வெண் மாறித் தெரிவது. அதே வேகத்தில் சுமார் 970 ஹெர்ட்ஸ் வரை போகும். டவரை நெருங்கும்போது அதிர்வெண் கூடித் தெரியும், தாண்டியதும் குறைந்து தெரியும். தண்டவாளத்தை ஒட்டி டவர் நின்றால் இந்தப் புரட்டல் ஓரிரு நொடியில் முடிந்துவிடும். போன் தான் கேட்கும் அலையையே அளவுகோலாக வைத்துப் பதில் அனுப்புவதால், டவரில் விலகல் இரட்டிப்பாகத் தெரியும். பக்கத்து டவர் எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது, பாருங்கள்.

கிலோமீட்டருக்கு ஒரு டவர் என்றால் 12 நொடிக்கு ஒரு ஹேண்ட்ஓவர் (இணைப்பு ஒரு டவரிலிருந்து அடுத்ததுக்கு மாறுவது), அதுவும் ரயிலில் உள்ள எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில். இதைக் குறைக்கப் பாதையோர ஆன்டெனாக்கள் பலவற்றை ஒரே செல்லாக, அதாவது போனுக்கு ஒரே டவர் போலத் தெரியும்படி, இணைப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவே முன்னிருந்து ஒரு விலகலும் பின்னிருந்து நேரெதிர் விலகலும் சேர்ந்தே வரும். சராசரி பார்த்துத் திருத்தும் போனுக்கு இரண்டுமே சரியாகப் பிடிபடாது.

5ஜிக்கு ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வகுத்த தேவைகளில் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகமும் உண்டு. ஆனால் அங்கே கேட்கும் அலைவரிசைத் திறன் (ஒரே அளவு அலைவரிசையில் நொடிக்கு எவ்வளவு தகவல் போகும் என்பது), 120 கிலோமீட்டர் வேகத்துக்குக் கேட்பதில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஆகவே போனை அணைத்துப் போடுவதால் பெரிய பலன் இருக்காது. கூரை ஆன்டெனாவோடு இணைந்த வைஃபை ரயிலில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பெட்டியின் உலோக உடல் விழுங்கும் சிக்னலாவது மிஞ்சும். முக்கியமான வீடியோ அழைப்பை ரயில் நிற்கும் நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். செய்தியாக அனுப்பினால், தவறிய பகுதி தானே மறுபடி போய்ச் சேரும்.