"நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கும் வீட்டு ஓனரைச் சட்டம் என்ன செய்யும்?

வாடகை எவ்வளவு என்று நாம் கேட்பதற்குள் "நீங்க என்ன ஆளுங்க? கறி மீன் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டுவிடுகிறார்கள். பேரைச் சொன்னதுமே, "இப்பத்தான் இன்னொருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்கினோம்" என்று முடித்துக்கொள்பவர்களும் உண்டு. இவர்கள் மேல் வழக்குப் போடலாமா என்று கேட்டு வருபவர்களிடம், வக்கீலாக நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை: பெரும்பாலும் முடியாது.

அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கட்டுப்படுத்துவது முக்கியமாக அரசை. பார்சிகளுக்கு மட்டுமே இடம் என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் விதியையே 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. விதிவிலக்கும் இருக்கிறது. திருநர் என்பதற்காக வீட்டை வாடகைக்கோ விலைக்கோ தர மறுத்தால் 2019 சட்டம் தடுக்கிறது, எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு 2017 சட்டம்.

சரி, வீடு கிடைத்துவிட்டது, அப்புறம்? இங்கேதான் சட்டம் உங்கள் பக்கம் வருகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது: வாடகை பாக்கி, உள்வாடகை, ஓனரின் சொந்தத் தேவை இப்படி. உங்கள் சாதி தெரிந்துபோனது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் எழுத்து ஒப்பந்தம் போட்டு, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருந்தால்தான் இதெல்லாம் தெம்பாகப் பேச முடியும். வாய்ப்பேச்சில் குடியிருந்தால், ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி வெளியேற்றக் கேட்கிறார்கள்.

கையெழுத்துப் போடுமுன் முழுக்கப் படியுங்கள். ஃபேன் எத்தனை, கெய்சர் எத்தனை என்ற வரிகளுக்கு நடுவே "அசைவம் சமைக்கக் கூடாது" என்று ஒரு வரி நுழைந்திருக்கும், அதை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு பிறகு பாகுபாடு என்று வாதாடுவது கஷ்டம். அட்வான்ஸும் அப்படித்தான். மூன்று மாத வாடகைதான் வரம்பு, ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் கூடலாம் என்று சட்டமே வழிவிட்டிருப்பதால் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் ஓடுகிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, மீதியைத் திருப்பித் தர வேண்டும். பெயிண்டிங்குக்கு என்று பிடித்தால் பில் கேளுங்கள்.

உங்களைக் கிளப்புவதற்காகத் தண்ணியையோ கரண்டையோ நிறுத்துவதும் சட்டவிரோதம்தான், வாடகை அதிகாரி உடனே திரும்பக் கொடுக்க உத்தரவிடலாம். மோட்டாரை நிறுத்தினால் மாடிப்படியில் நின்று கத்தாதீர்கள். ஓனருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டு வையுங்கள், மனுவோடு சேர்க்கத் தேதியும் நேரமும் அதிலேயே இருக்கும்.